ஒரு பானைச் சோறும் எண்பது கிலோ கஞ்சாவும்

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் முன்னோர் மொழி. அடுப்பின் முன் நிற்கும் தாய் அகப்பையால் இரண்டு பருக்கைகளை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறாள். வெந்துவிட்டதென்று கண்டால் பானையை இறக்குகிறாள். பானையிலுள்ள சோறு முழுவதையும் அவள் நசுக்கிப் பார்ப்பதில்லை. பார்ப்பாளாயின் வீட்டார்க்கு உண்ணக் கூழே மிஞ்சும். சிறு பகுதியைக் கண்டு முழுமையை அறியும் இக்கலையையே கணித நூலார் மாதிரியெடுப்பு என்பர்.

உயர்தர வகுப்பில் இப்பாடத்தை நடத்தியபோது இப்பழமொழியை எடுத்துரைத்தேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், இந்தியாவிலே எண்பது கிலோ கஞ்சாவோடு பிடிபட்டவர்களைக் கோடு விட்டுவிட்டதாம். மாதிரி எடுத்தது பிழையாம். எண்பது கிலோவும் கண்முன்னாலே கிடக்க, மாதிரி பிழைத்தால்தான் என்ன?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆயினும், அக்கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. நன்கு கற்ற பெரியோர் பலரும் செய்தித்தாளில் இத்தகைய தீர்ப்புகளைப் படித்துவிட்டு, “சட்டத்தின் ஓட்டை வழியே குற்றவாளி தப்பிவிட்டான்” என்று பெருமூச்செறிகின்றனர். உண்மை அத்துணை எளிதானதன்று. அதனை ஈண்டுச் சற்று விரிவாக நோக்குவோம்.

பச்சை மிளகாயின் கதை

மாணவன் குறிப்பிட்ட வழக்கு தெலுங்கானாவில் எழுந்தது. 2009ஆம் ஆண்டில் ஐதராபாத்தை நோக்கி வந்த வாகனமொன்றைப் பொலிசார் மறித்துச் சோதனையிட்டனர். அதனுள் மூன்று பொதிகளில் ஏறத்தாழ 80 கிலோகிராம் கஞ்சா அகப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. எதிரிகளுக்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் அத்தண்டனை உறுதியாயிற்று. இறுதியாக வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அந்நீதிமன்றம் 2024 மார்ச் 1ஆம் நாள் எதிரிகளை விடுதலை செய்தது.

காரணம் யாது? கைப்பற்றப்பட்ட பொதிகளில் கஞ்சாவோடு பச்சை மிளகாயும் இருந்தது. ஆனால் மிளகாயைப் பிரித்தெடுத்துத் தனியாக நிறுத்தவர் எவருமிலர். அங்ஙனமாயின், எண்பது கிலோவில் கஞ்சா எவ்வளவு, மிளகாய் எவ்வளவு? அதனைச் சொல்லவல்ல ஏடு ஒன்றேனும் இல்லை. மேலும், மூன்று மாதிரிகள் எடுக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று எதிரியிடம் கொடுக்கப்பட்டதாகச் சாட்சி கூறியது. எஞ்சியவை இரண்டாதல் வேண்டும். ஆய்வுகூடத்தை அடைந்தவையோ மூன்று! இரண்டு எவ்வாறு மூன்றாயிற்று என்பதற்கு விடையில்லை. நீதவான் முன்னிலையில் மாதிரி எடுக்கும் முறையும் கைக்கொள்ளப்படவில்லை. இவற்றையெல்லாம் கண்ட நீதிமன்றம், ஆய்வுகூட அறிக்கை வெறும் கழிவுக் கடதாசிக்கு ஒப்பானது என்று ஒதுக்கிவிட்டது.

எடையே தண்டனை

மிளகாய் இவ்வளவு பெரிய காரியமா என்று வாசகர் வினவலாம். ஆம், பெரிய காரியமே. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கீழ், 2001ஆம் ஆண்டு தொட்டுத் தண்டனை பொருளின் அளவைப் பொறுத்ததாயிற்று. கஞ்சாவைப் பொறுத்தவரை, ஒரு கிலோகிராமுக்குக் குறைந்தது சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரையே சிறை. இருபது கிலோகிராமுக்கு மேற்பட்டது வணிக அளவு எனப்படும். அதற்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. இருபதாண்டு வரையும் நீளலாம். பிணையில் வெளிவருவதும் அரிது. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கலாமேயன்றி, இத்துணைக் காலம் இருந்தே தீரவேண்டும் என்ற கீழெல்லை இல்லை.

ஆகவே பத்தொன்பது கிலோவுக்கும் இருபத்தொரு கிலோவுக்கும் இடையே நிற்பது இரண்டு கிலோ எடை மட்டுமன்று. ஒரு மனிதனின் வாழ்நாளில் பல ஆண்டுகள். தராசின் தட்டில் மிளகாயோ, மண்ணோ, ஈரமோ, சாக்கோ ஏறியிருந்தால், சிறை செல்வது எடையன்று, மனிதனே.

எது கஞ்சா?

பொருளின் எடையைக் காண்பதற்கு முன்னர், அது யாதென்று காணல் வேண்டும். 1961ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் உடன்படிக்கையும், அதனை ஒட்டிய இந்தியச் சட்டமும், கஞ்சா என்பது அச்செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளே என்று வரையறுக்கின்றன. நுனிகளோடு சேராமல் தனித்திருக்கும் இலையும் விதையும் அவ்வரையறையில் அடங்கா. எனவே சாக்கின் மேற்புறத்திலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளிக்கொண்டு, “இதுவே சாக்கு முழுவதும்” என்று கூறுவது பொருந்தாது. மேலே பூநுனியும் கீழே வெறும் இலையும் தண்டுமாக இருக்கலாம். எதிர்மாறாகவும் இருக்கலாம்.

கைப்பற்றும் இடத்தில் செய்யப்படும் நிறச் சோதனையில், மருந்து கலந்ததும் ஊதா நிறம் தோன்றும். அது முதற்குறிப்பேயன்றி முடிவன்று. வேறு சில தாவரப் பொருட்களும் ஒத்த நிறத்தைக் காட்டக்கூடும். ஆய்வுகூடத்தில் நுண்பெருக்கிக் கண்ணாடி வழியே நோக்கும்போது, கஞ்சா இலையில் கரடி நகம்போல் வளைந்த நுண்மயிர்கள் காணப்படும். அவற்றின் அடியிலே சுண்ணாம்புச் சத்துத் திரண்டிருக்கும். அதன்பின் இரசாயனப் பகுப்பு நடைபெறும். கஞ்சாவின் மயக்கத்துக்குக் காரணமான முதன்மைப் பொருளை 1964ஆம் ஆண்டில் இஸ்ரேலிய விஞ்ஞானிகளான கவோனி, மெக்கூலம் ஆகிய இருவரும் பிரித்தெடுத்து அதன் அமைப்பையும் அறிவித்தனர். இன்று அப்பொருளை மிகச் சிறிய அளவிலும் இனங்காணக் கருவிகள் உள. ஆனால் எத்துணை நுட்பமான கருவியாயினும் தன்முன் வைக்கப்பட்ட மாதிரியைப் பற்றியே பேசும். கொட்டிலிற் கிடக்கும் மூட்டையைப் பற்றி அது அறியாது. மாதிரிக்கும் மூட்டைக்கும் இடையே பாலம் அமைப்பது மனிதனின் நேர்மையே.

கணக்குக் காட்டும் வழி

மாணவர்கள் பின்வரும் கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். ஒருவனிடம் நாற்பது பொதிகள் அகப்பட்டன என்று கொள்வோம். அவற்றுள் இருபதில் கஞ்சாவும், இருபதில் காய்ந்த வேறு இலையும் உள்ளன. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றே. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொதியை எடுத்தால் அது கஞ்சாவாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதாவது, அந்த ஒரு பொதியை மட்டும் சோதித்து, “நாற்பதும் கஞ்சா” என்று கூறும் அதிகாரி நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பவனுக்கு ஒப்பாவார். ஐந்து பொதிகளை எடுத்தால், ஐந்தும் கஞ்சாவாகவே அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 42இல் ஒன்றாகக் குறைகின்றது. பத்துப் பொதிகளை எடுத்தால், பத்தும் கஞ்சாவாக அமைந்து நம்மை ஏமாற்றும் வாய்ப்பு 4,588இல் ஒன்றே. சேர்மானக் கணக்குத் தெரிந்த எவரும் இதனைச் சரிபார்க்கலாம்.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் வழிகாட்டிகளில் இடம்பெறும் ஒரு முறை இதனோடு ஒத்துச் செல்கின்றது. பொதிகள் பத்துக்கு மேற்படாவிடின் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். பத்துக்கும் நூறுக்கும் இடைப்பட்டால் எழுமாறாகப் பத்தை எடுக்க வேண்டும். நூறுக்கு மேற்பட்டால் எண்ணிக்கையின் வர்க்கமூலம் போதும். நானூறு பொதிகளாயின் இருபது. எழுமாறாக எடுத்தல் என்பது இங்கே உயிர்நாடி. “இது கஞ்சாப்போல் இருக்கிறது” என்று பார்த்துப் பொறுக்கி எடுத்தால் கணக்கு முழுவதும் பாழ்.

கலத்தலில் உள்ள அபாயம்

இந்திய அதிகாரிகள் 1989ஆம் ஆண்டு நிலையாணையின் மூலம் வேறொரு வழியை வகுத்தனர். 2022 டிசம்பரில் வெளியான விதிகளும் பெரும்பாலும் அதனையே பின்பற்றுகின்றன. பொதிகளுக்கு இலக்கமிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். அளவிலும் குறியிலும் ஒத்தவையாய், முதற் சோதனையிலும் ஒரே விளைவைக் காட்டும் கஞ்சாப் பொதிகளை நாற்பது நாற்பதாகத் தொகுக்கலாம். தொகுதியிலுள்ள ஒவ்வொரு பொதியிலிருந்தும் சம அளவு எடுத்து நன்கு கலந்து, அக்கலவையிலிருந்து 24 கிராம் மாதிரியை இரு படிகளாக எடுக்க வேண்டும். இரண்டாம் படி, பின்னர் ஐயம் எழுந்தால் மீண்டும் சோதிப்பதற்கு.

இங்கே ஒழுங்கு முக்கியம். முதலிற் சோதனை, பின்னரே கலவை. பொதிகளைச் சோதியாமலே கலந்துவிட்டால் என்னவாகும்? நாற்பதில் ஒன்றே கஞ்சாவாயினும் கலவை முழுவதும் கஞ்சாவின் குணத்தைக் காட்டும். பாற்குடத்தில் ஒரு துளி நஞ்சு விழுந்தாற்போல, குற்றமற்ற முப்பத்தொன்பது பொதிகளும் கறைபட்டுவிடும். ஒரு கிலோவுக்குரிய தண்டனை நாற்பது கிலோவுக்குரியதாகப் பெருகும். பானையைக் கிண்டுவது நல்லதே. ஆனால் வெவ்வேறு பானைகளை ஒன்றாகக் கொட்டிக் கிண்டிய பின், எந்தப் பானை எவ்வாறு இருந்ததென்று எவராலும் கூறவியலாது.

அனுப்பாத ஏழு கிராம்

மாதிரியின் பிழை பெரும் மூட்டைகளில் மட்டுமே நேர்வதன்று. கோவாவில் வெளிநாட்டவர் ஒருவரிடம், சரஸ் எனப்படும் கஞ்சாப் பிசின் இரு துண்டுகளாக அகப்பட்டது. ஒன்று ஏழு கிராம், மற்றது ஐந்து கிராம். ஆய்வுக்கு அனுப்பப்பட்டதோ சிறிய துண்டு ஒன்றே. ஆய்வுகூடத்தில் அதன் எடை ஐந்து கிராமுக்கும் குறைவாகவே இருந்தது. அக்காலத்தில் ஐந்து கிராம் வரையிலான சரஸ் சிறு அளவாகக் கருதப்பட்டது. கீழ் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1993இல் உச்ச நீதிமன்றம், சோதிக்கப்படாத துண்டு சரஸ் என்று மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, தண்டனையை ஆறு மாதமாகக் குறைத்தது. இயன்றால் முழுவதையும் அனுப்புக. இயலாவிடின் ஒவ்வொரு துண்டிலிருந்தும், ஒவ்வொரு பொதியிலிருந்தும் போதிய மாதிரி எடுத்து அனுப்புக என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது.

ஏழு கிராம் துண்டையும் உறையிலிட்டு அனுப்ப எவ்வளவு நேரம் சென்றிருக்கும்? சில நிமிடங்களே. அந்நிமிடங்களின் விலை ஒன்பதரை ஆண்டு.

முத்திரையும் நீதவானும்

மாதிரியைச் சரிவர எடுத்தால் மட்டும் போதாது. எடுத்த மாதிரிதான் ஆய்வுகூடத்தை அடைந்தது என்பதும் விளங்க வேண்டும். ஆகவே மாதிரியை உறையிலிட்டு முத்திரையிடுகின்றனர். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியும் தம் முத்திரையைப் பதிக்க வேண்டும் என்பது சட்டம். யார் யாரிடம், எந்நாள், எந்நேரம் ஒப்படைத்தார் என்பது ஏட்டில் தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும். 1989 நிலையாணை, மாதிரியை 72 மணித்தியாலங்களுக்குள் அனுப்புமாறு பணித்தது. சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தாலும் சங்கிலி அறுந்ததேயாகும்.

இவ்விடத்திலே நீதவான் வருகின்றார். 1989இல் சேர்க்கப்பட்ட 52ஏ என்னும் பிரிவு, கைப்பற்றிய பொருட்களின் பட்டியலையும் புகைப்படங்களையும் மாதிரிகளையும் நீதவான் உறுதிப்படுத்தினால், அவையே முதன்மைச் சான்றாகும் என்று கூறுகின்றது. பிடித்தவரே மாதிரியெடுத்து, அவரே முத்திரையிட்டு, அவரே சாட்சி சொல்வதைக் காட்டிலும், வழக்கிற் பற்றில்லாத ஒருவரின் கண்முன் அது நிகழ்வது நன்றன்றோ? ஆயினும் பல இடங்களில் இப்பிரிவு ஏட்டளவிலேயே கிடந்தது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இக்குறையை ஆராய்ந்து, கைப்பற்றிய உடனே அதிகாரிகள் தாமாக மாதிரியெடுக்கும் வழக்கம் சட்டத்துக்கு ஒவ்வாது என்றும், தாமதமின்றி நீதவானை நாடுதல் வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

நடுவுநிலை கருதி மற்றொன்றையும் கூறுதல் கடன். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வேறொரு கஞ்சா வழக்கில், இப்பிரிவிலிருந்து வழுவியமை மாத்திரமே வழக்கை வீழ்த்திவிடாது. ஏனைய சான்றுகள் ஐயத்துக்கு இடமின்றி நம்பத்தக்கனவாயின் தண்டனை நிலைக்கும் என்று தெளிவுபடுத்தியது. ஆகவே விதி, விதிக்காக நிற்பதன்று. அதனால் உண்மை கலங்கியதா என்பதே கேள்வி.

நம் கரையிலும்

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று நாம் வாளாவிருத்தல் தகாது. பாக்கு நீரிணையைக் கடந்துவரும் “கேரள கஞ்சா”ப் பொதிகள் நம் வடபுலக் கரையோரங்களில் கைப்பற்றப்படும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கின்றோம். கடல்நீரில் நனைந்த பொதியின் எடையில் நீர் எவ்வளவு, பொருள் எவ்வளவு? பச்சைச் செடி உலரும்போது தன் எடையின் பெரும்பகுதியை இழந்துவிடும். ஈரமாகக் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கைப்பற்றிய அன்று பொருள் எந்நிலையில் இருந்ததென்று குறிக்காவிடின், பின்னர் நீதிமன்றத்தில் நிறுக்கும்போது குறைந்த எடை களவென்று ஐயுறப்படும். நம் நாட்டிலும் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் எழும் வழக்குகளில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பெரிதும் வேண்டப்படுகின்றது. அவ்வறிக்கையும் அவர் கைக்கு வந்த மாதிரியைப் பற்றியதேயாம்.

போதைப்பொருள் நம் இளைஞரைச் சீரழிப்பதைக் கண்டு பெற்றோர் நெஞ்சு பதைக்கின்றது. அப்பதைப்பில், “பிடித்தவனை அடை, கணக்குப் பின்னே பார்க்கலாம்” என்று எண்ணத் தோன்றும். ஆனால் நாளை ஒருவர் பையில் வேறொருவர் பொதியை மறைத்து வைக்கலாம். நம் பிள்ளையே அவ்விடத்தில் நிற்க நேரலாம். அன்று அப்பிள்ளையைக் காப்பது சரியாக நிறுத்த தராசும், ஒழுங்காக இட்ட முத்திரையுமே. அதே தராசும் முத்திரையுமே உண்மையான கடத்தற்காரன் தப்பும் வழியையும் அடைப்பன. ஒரே கதவு இருபுறமும் காவல் செய்கின்றது.

இவ்வாறெல்லாம் விளக்கி முடித்தபோது மணி அடித்துவிட்டது. புத்தகங்களை எடுத்துக்கொண்டு புறப்படுகையில் அதே மாணவன் வாசலில் நின்றான். “சேர், அப்படியென்றால் அந்த எண்பது கிலோக்காரர் குற்றம் செய்தவர்களா, இல்லையா?” என்று கேட்டான்.

“தம்பி, பொதிகளைப் பிரித்து, மிளகாயை ஒருபுறமும் கஞ்சாவை ஒருபுறமும் வைத்து அன்றைக்கே நிறுத்திருந்தால் உனக்கு விடை சொல்லியிருக்கலாம். இனி அதை எவராலும் சொல்ல முடியாது” என்றேன்.

அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். பின்பு, “அதுதான் பிழை, சேர்” என்றான்.

ஆம், அதுவே பிழை.